சட்டமன்றத்தில் சிறிது காலமே இருந்த விஞ்ஞானி ஒருவரைப் பற்றிச் சொல்ல முடியுமா?

அமெரிக்கரான டேவிட் ரிட்டன்ஹவுஸைச் சொல்லலாம். கடிகாரம் செய்யும் தொழிலிலிருந்து வானியலுக்கு வந்த இவர், பெஞ்சமின் பிராங்க்ளின் விலகியதால் காலியான இடத்துக்கு 1776-இல் தேர்ந்தெடுக்கப்பட்டு, பென்சில்வேனியச் சட்டமன்றத்தில் சில மாதங்களே உறுப்பினராக இருந்தார். விடுதலைப் போராட்டக் கொந்தளிப்பில் அந்த அவையே அவ்வாண்டு முடிவுக்கு வந்தது. பள்ளிப் படிப்பு அதிகமில்லாத இவருக்குப் பொதுவாழ்வில் மதிப்பைத் தேடித் தந்தது, 1769-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்ததை தாம் வாழ்ந்த நாரிட்டனில் தாமே அமைத்த வானாய்வுக் கூடத்திலிருந்து நோக்கிப் பதிவுசெய்த பணியே எனலாம். பட்டுக் கைக்குட்டையின் ஊடே தெருவிளக்கைப் பார்த்த நண்பர் ஹாப்கின்சன், அதில் தெரிந்த கோடுகளுக்குக் காரணம் கேட்டபோது, நுண்ணிய திருகுப் புரிகளில் ஏறத்தாழ 50 மயிரிழைகளை இணையாகக் கட்டி அவற்றின் இடைவெளிகளில் ஒளி வளைந்து பரவுவதை 1785-இல் அளந்தார். நெருக்கமான இணைகோடுகளால் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் இன்றைய விளிம்பு விளைவுக் கீற்றணிக்கு அது முன்னோடி. 1777 முதல் 1789 வரை மாநிலக் கருவூலராகவும், 1792-இலிருந்து அமெரிக்க நாணயச்சாலையின் முதல் இயக்குநராகவும் பணியாற்றினார்.