எனர்ஜிபிளஸ், ஈபி-லாஞ்ச்: கேட்டதும் சொன்னதும்

ஒரு கட்டடம் வருடம் முழுக்க எவ்வளவு சூடாகும், அதைக் குளிர்விக்க எவ்வளவு மின்சாரம் போகும் என்று கணக்குப் போடும் மென்பொருள் எனர்ஜிபிளஸ். அமெரிக்க எரிசக்தித் துறை 2001-இல் வெளியிட்டது. அதற்கு முன் இருந்த டிஓஇ-2, பிளாஸ்ட் என்ற இரண்டு நிரல்களின் வாரிசு. இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. விண்டோஸில் இதை நிறுவும்போது கூடவே வரும் சின்ன ஜன்னல்தான் ஈபி-லாஞ்ச். ஃபைல்களைத் தேர்ந்தெடுப்பது, ஓட்டுவது, முடிவுகளைத் திறப்பது எல்லாம் அதிலிருந்தே செய்யலாம். கட்டடக்கலை மாணவர்களும் ஏசி வடிவமைப்பில் இருப்பவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கட்டடக்கலை மாணவி, திருச்சி: அண்ணா, நிறுவி முடித்துவிட்டேன். எனர்ஜிபிளஸ் ஐகானை டபுள் கிளிக் செய்தால் ஒரு கருப்புத் திரை வந்து உடனே மறைந்துவிடுகிறது. திரும்ப நிறுவ வேண்டுமா?

வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறது. எனர்ஜிபிளஸ் வெறும் எஞ்சின். அதற்கு மெனுவோ, படம் வரையும் இடமோ கிடையாது. எந்த ஃபைலை ஓட்ட வேண்டும் என்று நீங்கள் சொல்லாததால் வந்த வேகத்தில் போய்விட்டது. அதே ஃபோல்டரில் ஈபி-லாஞ்ச் இருக்கும், அதைத் திறங்கள். மேலே ஒரு பெட்டியில் கட்டடத்தின் விவரம் உள்ள ஐடிஎஃப் ஃபைல், அடுத்த பெட்டியில் ஊரின் வானிலை உள்ள இபிடபிள்யூ ஃபைல். இரண்டையும் தேர்ந்தெடுத்து சிமுலேட் பட்டனை அழுத்தினால் போதும்.

முதல் நாளே உங்கள் டிசைனை உள்ளே கொண்டுவர முயலாதீர்கள். எக்ஸாம்பிள்ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரில் நூற்றுக்கணக்கான மாதிரிகள் உண்டு. ‘1ஸோன்அன்கன்ட்ரோல்டு’ என்பதை எடுங்கள். ஏசி இல்லாத ஒரே ஒரு பெட்டி அறை. வானிலைக்குக் கூடவே வரும் சிகாகோ ஃபைலைக் கொடுங்கள். சில நொடிகளில் முடிந்து, எத்தனை எச்சரிக்கை, எத்தனை பிழை, எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு சின்னப் பெட்டி வரும். அது வந்தால் நிறுவியது சரி.

அதே மாணவி: என் ப்ராஜெக்ட் ஃபைல்களை எக்ஸாம்பிள்ஃபைல்ஸ் ஃபோல்டரிலேயே வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. அடுத்த பதிப்பு வந்ததும் பழையதை நீக்குவீர்கள், அதோடு உங்கள் வேலையும் போய்விடும். தனி ஃபோல்டர் போடுங்கள். பெயரில் தமிழ் எழுத்து, இடைவெளி, அடைப்புக்குறி வேண்டாம். வெறும் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும். தானாக மேகத்தில் ஏற்றிக்கொள்ளும் ஃபோல்டரிலும் வேண்டாம். ஓட்டம் நடக்கும்போதே அந்த மென்பொருள் நடுவில் புகுந்து ஃபைலைப் பிடித்துக்கொண்டால் பாதியில் நிற்கும். ஓட்டி முடித்த பிறகு நகல் எடுத்து ஏற்றுங்கள்.

ஏசி வடிவமைப்பாளர், கோவை: ஒரு தடவை ஓட்டினால் இருபதுக்கு மேல் ஃபைல்கள் வந்து குவிகின்றன. எதை வைப்பது, எதை அழிப்பது?

பலரும் கேட்பது இது. ஐடிஎஃப் ஃபைலுக்கு என்ன பெயரோ அதே பெயரில், அதே இடத்தில், வேறு வேறு வால்களோடு வந்து விழும். எல்லாம் உங்களுக்காக வந்தவை அல்ல.

முதலில் திறக்க வேண்டியது எரர் ஃபைல். பிழை வந்தாலும் வராவிட்டாலும் அதைத்தான் முதலில். அடுத்தது ஹெச்டிஎம்எல் அட்டவணை. ஆண்டு மின்செலவு, சதுர மீட்டருக்கு எவ்வளவு, ஜன்னல் பரப்பு, ஏசியின் அளவு என்று எல்லாம் உலாவியில் திறக்கும்படி இருக்கும். ரிப்போர்ட்டுக்குத் தேவையானதில் முக்கால்வாசி அங்கேயே கிடைக்கும். மணிக்கு மணி எண்கள் வேண்டுமென்றால் எக்செலில் திறக்கும் சிஎஸ்வி. அந்த சிஎஸ்விக்கு மூலம் ஈஎஸ்ஓ, நிரல் நேரடியாக எழுதும் ஃபைல். ஆர்டிடி என்பது மெனு கார்டு மாதிரி: இந்தக் கட்டடத்தில் எந்தெந்த அளவுகளைக் கேட்டு வாங்கலாம் என்ற பட்டியல். ஈஐஓ-வில் நிரல் உங்கள் சுவர், கூரை, ஜன்னல்களை எப்படிப் புரிந்துகொண்டது என்று இருக்கும். டிஎக்ஸ்எஃப் கேட்டு வாங்கியிருந்தால் கட்டடத்தின் வடிவத்தை, கட்டடம் வரையும் ‘கேட்’ மென்பொருளில் திறந்து பார்க்கலாம்.

சேமிக்க வேண்டியவை நான்கு: ஐடிஎஃப், இபிடபிள்யூ, எரர், ஹெச்டிஎம்எல். மற்றவற்றைத் தயங்காமல் அழிக்கலாம். ஐடிஎஃப்பும் வானிலையும் இருந்தால், அதே பதிப்பில் ஓட்டி எல்லாவற்றையும் மறுபடி வரவழைக்கலாம். ஆனால் ஒன்று. அதே பெயரில் மறுபடி ஓட்டினால் பழைய முடிவுகளின் மேலேயே புதியவை எழுதப்படும், கேட்கக்கூட மாட்டாது. அதனால் கண்ணாடியை மாற்றிப் பார்க்கிறீர்கள் என்றால் மாற்றுவதற்கு முன்பே வேறு பெயரில் சேமியுங்கள். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் கடைசி’ என்றெல்லாம் வைக்காமல், மாற்றியதையே பெயராக வையுங்கள். இரட்டைக் கண்ணாடி, வெள்ளைக் கூரை, வடக்கு 90 என்று.

ஈபி-லாஞ்சின் ஹிஸ்டரி தாவலில் நீங்கள் ஓட்டிய ஃபைல்கள் வரிசையாக இருக்கும். எந்த ஃபோல்டரில் வைத்தோம் என்று மறந்தவர்களுக்கு அது ஆபத்பாந்தவன்.

மாணவர், சென்னை: கண்ணாடியை மாற்றி ஓட்டினேன், சிஎஸ்வி-யில் ஒரு எண்கூட மாறவில்லை. நிரலில் பக் இருக்கிறதா?

எக்செலில் பழைய சிஎஸ்வி திறந்தே இருக்கிறதா பாருங்கள், தம்பி. எக்செல் அதைப் பிடித்து வைத்திருந்தால் புதியது எழுத முடியாது, பழைய எண்களையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மூடிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ஆலோசனை நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர், பெங்களூரு: 57 எச்சரிக்கைகள் வருகின்றன. ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்றும் சொல்கிறது. எதை நம்புவது?

வெற்றிகரமாக என்றால் கணக்கு நடுவில் நிற்காமல் முடிந்தது என்று மட்டும்தான் பொருள். உங்கள் கட்டடம் சரி என்று அது சொல்லவே இல்லை.

எரர் ஃபைலில் மூன்று படிகள். வார்னிங், சிவியர், ஃபேட்டல். ஃபேட்டல் வந்தால் அங்கேயே நின்றுவிடும், அதனால் அதில் ஏமாற வழியில்லை. சிவியர் ஒன்று இருந்தாலும் அந்த முடிவை யாருக்கும் காட்டாதீர்கள். வார்னிங்தான் சிக்கல், அதில் பதரும் உண்டு நெல்லும் உண்டு. எழுதி வைத்த கால அட்டவணை ஒன்று எங்கும் பயன்படவில்லை என்று வருவது பதர். தரையின் சாய்வு 180 டிகிரியாக இருக்க வேண்டும், வேறாக இருக்கிறது என்று வந்தால் தரைக்கு மூலைகளைத் தலைகீழ் வரிசையில் கொடுத்திருக்கிறீர்கள், அதைச் சரிசெய்யும் வரை அந்த அறையின் கணக்கை நம்பாதீர்கள். ஐடிஎஃப்பில் உள்ள ஊரும் வானிலை ஃபைலில் உள்ள ஊரும் வேறு என்று வந்தால் நிறுத்திவிட்டுப் பாருங்கள். கணக்கு தொடங்கும் முன் முதல் நாளையே திரும்பத் திரும்ப ஓட்டும் வார்ம்அப் நாட்களுக்குள் அறை வெப்பநிலை நிலைக்கு வரவில்லை என்றாலும் அப்படித்தான்.

மேலிருந்து கீழே படியுங்கள். மேலே ஒன்றைச் சரிசெய்தால் கீழே பத்து தானாகப் போகும். ஒரு வார்னிங்கை விட்டுவைக்கிறீர்கள் என்றால் ஏன் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். சான்றிதழுக்கு ஆய்வு செய்பவர் கேட்கத்தான் செய்வார்.

கட்டடக்கலை மாணவர், மதுரை: மாதிரி ஃபைலை எடுத்து, சிகாகோவுக்குப் பதில் சென்னை வானிலையைக் கொடுத்தேன். இது சென்னைக் கட்டடம் ஆகிவிடுமா?

ஆகாது. பாதி ஆய்வறிக்கைகள் கவிழ்வது இந்த இடத்தில்தான்.

வானிலை ஃபைல் ஒரு சாதாரண உரைக் கோப்பு. நோட்பேடில் திறக்கலாம். மேலே எட்டு வரி தலைப்பு, அப்புறம் மணிக்கு ஒன்றாக 8,760 வரிகள். சென்னைக்கு இஷ்ரே என்ற இந்திய ஏசி பொறியாளர் அமைப்பின் தரவில் உருவான ஃபைல் எனர்ஜிபிளஸ் தளத்திலேயே கிடைக்கும். பெயரில் 432790 என்று வருவது மீனம்பாக்கம் நிலையத்தின் எண். முதல் வரியில் நேர மண்டலம் 5.5 என்று இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை மாற்றினால் வெளிக்காற்றும் வெயிலும் சென்னைக்கு மாறும். ஆனால் ஐடிஎஃப்புக்குள் சிகாகோ இன்னும் உட்கார்ந்திருக்கும். ஏசியின் அளவைத் தானே கணக்கிடு என்று விட்டிருந்தால், அது பார்ப்பது வருட வானிலையை அல்ல, டிசைன் டே என்று ஐடிஎஃப்பில் எழுதியிருக்கும் அந்த ஒன்றிரண்டு நாட்களை. அவை சிகாகோவின் ஜனவரியும் ஜூலையும். சிகாகோ ஜூலைக்கு அளவெடுத்த ஏசி சென்னை மே மாதத்தில் திணறும். வானிலையோடு சேர்ந்து இறங்கும் டிடிஒய் ஃபைலில் சென்னையின் டிசைன் நாட்கள் தயாராக இருக்கும். ஊர் விவரத்தையும் அந்த நாட்களையும் நகலெடுத்து, பழையவற்றை நீக்கிவிட்டு ஒட்டுங்கள்.

அடுத்து மண் வெப்பநிலை. நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் தரைக்குக் கீழே 18 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். சென்னையின் ஆண்டு சராசரிக் காற்று வெப்பநிலையே 28-ஐ ஒட்டி இருக்கிறது. 18 டிகிரி மண் என்றால் தரை முழுக்க இலவச ஏசி ஓடுகிறது என்று அர்த்தம். தரைத்தளம் மட்டும் உள்ள கட்டடத்தில் முடிவையே இது புரட்டிப் போடும்.

இன்னும் சில இருக்கின்றன. சில மாதிரிகளில் கோடைக்காலக் கடிகார மாற்றம் எழுதியிருக்கும், நமக்கு அது கிடையாது. விடுமுறைப் பட்டியலும் அமெரிக்காவுடையதுதான். அப்படியே விட்டால் உங்கள் சென்னை ஆபீஸ் பொங்கலுக்கு வேலை செய்து, நவம்பரில் தேங்க்ஸ்கிவிங்குக்கு லீவு எடுக்கும். சுவரும் பாருங்கள். மரச் சட்டகமும் இன்சுலேஷனும் உள்ள சுவரை வைத்துக்கொண்டு ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைப் பற்றி எழுத முடியாது.

ஆலோசகர், துபாய்: மூன்று கண்ணாடி, இரண்டு கூரை, நான்கு திசை. மொத்தம் 24 ஓட்டம். ஒவ்வொன்றாக உட்கார்ந்து அழுத்த வேண்டுமா சார்?

வேண்டாம். குரூப் தாவலுக்குப் போங்கள். ஒவ்வொரு வரியிலும் ஐடிஎஃப், வானிலை, முடிவு எங்கே போக வேண்டும் என்று கொடுத்து, பட்டியலாகச் சேமியுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை ஓடலாம் என்றும் சொல்லலாம். கணினியில் எட்டு கோர் இருந்தால் ஆறு கொடுங்கள், மீதி இரண்டில் நீங்கள் மின்னஞ்சல் பார்க்கலாம். ஓட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்வாருங்கள்.

திசைக்காகக் கட்டடத்தைத் திருப்பி வரையத் தேவையில்லை. பில்டிங் என்ற பகுதியில் வடக்கு அச்சு என்று ஒரு எண் உண்டு, அதை 0, 90, 180, 270 என்று மாற்றினால் போதும். அமெரிக்க ஏசி பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 90.1 என்ற எரிசக்தித் தரநிலையின் பின்னிணைப்பு ஜி-யில் ஒப்பீட்டுக் கட்டடத்தை நான்கு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுக்கச் சொல்வார்கள். நீங்கள் செய்வது அதற்காக என்றால், முன்மொழியும் கட்டடத்தைத் திருப்பாதீர்கள், அது இருக்கிற திசையிலேயே இருக்கட்டும்.

பட்டியலை ஓட்டும் முன் ஒரு வரியை மட்டும் தனியாக ஓட்டி எரர் ஃபைலைப் பாருங்கள். ஒரே தப்பு 24 ஃபைலிலும் இருந்தால் 24 தடவை தப்பு வரும்.

மாணவி, கொழும்பு: அக்கா ஒருவர் தந்த பழைய ஐடிஎஃப் ஓடவே மாட்டேன் என்கிறது. பதிப்பு பொருந்தவில்லை என்கிறது.

வருடத்துக்கு இரண்டு பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றிலும் சில புலங்கள் மாறும். ஐடிஎஃப்பின் வெர்ஷன் வரியை மட்டும் கையால் மாற்றி ஏமாற்றப் பார்க்காதீர்கள். கூடவே வரும் ஐடிஎஃப் வெர்ஷன் அப்டேட்டரைப் பயன்படுத்துங்கள். ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு என்று படிப்படியாக ஏற்றித் தரும். மூலத்தை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே இறக்க வழி இல்லை. ப்ராஜெக்ட் பாதியில் இருந்தால் பதிப்பை மாற்றவே மாற்றாதீர்கள். இரண்டு பதிப்புகளை ஒரே கணினியில் தனித்தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்ளலாம், சண்டை போடாது.

பெயர் வேண்டாம் என்றவர்: மின்செலவு 432 கோடி என்று வருகிறது. பயந்துவிட்டேன்.

அது ஜூல். 36 லட்சத்தால் வகுத்தால் யூனிட் வரும். உங்களுடையது 1,200 யூனிட். ஹெச்டிஎம்எல் அட்டவணை யூனிட்டிலேயே வர வேண்டுமென்றால் ஐடிஎஃப்பின் டேபிள் ஸ்டைல் பகுதியில் அலகு மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஆராய்ச்சி மாணவர், சென்னை: ஈஎஸ்ஓ ஃபைல் பல ஜிபி ஆகிறது, மடிக்கணினி திணறுகிறது. புதிது வாங்க வேண்டுமா?

கேட்பதைக் குறைத்தாலே போதும். பத்து நிமிடத்துக்கு ஒரு எண் என்றால் ஒரு அளவுக்கு வருடத்தில் 52,560 எண்கள். 50 அறை, 20 அளவு என்றால் ஐந்தேகால் கோடியைத் தாண்டும். அறைப் பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டிருப்பீர்கள், எல்லா அறைக்கும் வருகிறது. தேவையான அறைகளின் பெயரை மட்டும் எழுதுங்கள். மின்செலவுக்கு மாதாந்தரம் போதும், உள்ளே இருப்பவர்களுக்கு வெப்பம் வசதியாக இருக்கிறதா என்ற ஆராய்ச்சிக்கு மணிக்கு ஒன்று போதும். மணிக்கு எத்தனை தடவை கணக்கிட வேண்டும் என்ற டைம்ஸ்டெப் எண்ணைக் குறைக்காதீர்கள், அது கணக்கின் துல்லியம். குறைக்க வேண்டியது எத்தனை தடவை எழுத வேண்டும் என்பதை மட்டும்தான்.

அதே மாணவர்: ஆய்வகத்தில் லினக்ஸ். ஈபி-லாஞ்ச் கிடைக்குமா?

விண்டோஸில் கூடவே வருகிற இந்தப் பழைய ஈபி-லாஞ்ச் கிடைக்காது. எனர்ஜிபிளஸ் லினக்ஸிலும் மேக்கிலும் நன்றாக ஓடும், டெர்மினலில் கட்டளை கொடுக்க வேண்டும். ஈபி-லாஞ்ச் சொல்லாமலே செய்துவந்த இரண்டு வேலையை அங்கே நீங்கள் சொல்ல வேண்டும். ஏசிக்கு டெம்ப்ளேட் என்ற சுருக்க வடிவத்தைப் பயன்படுத்தியிருந்தால் ‘எக்ஸ்’ குறியைச் சேருங்கள், சிஎஸ்வி வேண்டுமென்றால் ‘ஆர்’ குறியைச் சேருங்கள். விண்டோஸில் ஓடிய ஃபைல் லினக்ஸில் ஓடவில்லை என்று வருபவர்கள் பெரும்பாலும் அந்த ‘எக்ஸ்’-ஐ விட்டவர்கள்தான்.