மாத்திரை போட்டால்தான் மாதவிடாய் வருகிறது, என்ன செய்வது?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், வயது 24. தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் பிசிஓஎஸ் (ஹார்மோன் கோளாறால் சினைப்பையிலிருந்து முட்டை ஒழுங்காக வெளியாகாத நிலை) என்றார் டாக்டர். மாத்திரை சாப்பிட்டால் மாதவிடாய் வருகிறது, நிறுத்தினால் நின்றுவிடுகிறது. இப்போது நான்கு மாதமாக வரவில்லை. கெட்ட இரத்தம் உள்ளே தங்கிவிடும் என்று அம்மா பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஜாமு என்ற மூலிகை மருந்து வாங்கி வைத்திருக்கிறார். அடுத்த வருடம் கல்யாணம், அதற்குப் பிறகு தானாகச் சரியாகிவிடும் என்கிறார் அத்தை. வராமலேயே இருந்தால்தான் என்ன?

பதில்: இரத்தம் உள்ளே எங்கும் தேங்கி நிற்கவில்லை. அம்மா சொல்லும் காரணம் தவறு, ஆனால் அவருடைய கவலை சரிதான்.

ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கும். முட்டை வெளியான பிறகு சுரக்கும் இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் அந்த வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும். கரு தங்காவிட்டால் புரோஜெஸ்டிரோன் இறங்கிவிடும், சுவர் உதிர்ந்து மாதவிடாயாக வெளியேறும். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குப் பல மாதங்களில் முட்டையே வெளியாவதில்லை. அதனால் கடிவாளம் இல்லாமல் சுவர் தடித்துக்கொண்டே போகிறது. வருடக்கணக்கில் இப்படியே விட்டால் புற்றுநோய்க்கு முந்திய நிலைக்குப் போகலாம், சிலருக்குப் புற்றுநோயாகவே மாறலாம். உங்கள் வயதில் அது மிக அரிது, பயப்பட வேண்டாம். ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது உதிர வேண்டும் என்பதுதான் டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். இந்த வாரமே அரசாங்க கிளினிக்குக்குப் போய் வாருங்கள், குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்)தான்.

அங்கே முதலில் சிறுநீரில் கர்ப்பச் சோதனை செய்வார்கள். கல்யாணமாகாத என்னைப் போய் இப்படிக் கேட்கிறார்களே என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. மாதவிடாய் தள்ளிப்போன எல்லாரிடமும் கேட்பதுதான் அது. கர்ப்பம் இல்லை என்று தெரிந்த பிறகே மாத்திரை.

பொதுவாகப் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரையை 7 முதல் 14 நாள் வரை கொடுப்பார்கள். முடித்த சில நாளில் இரத்தப்போக்கு வரும். இரண்டு வாரமாகியும் வராவிட்டால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள், வேறு காரணம் தேட வேண்டியிருக்கும். இந்த மாத்திரை அந்த ஒரு தடவைக்குச் சுவரை உதிர்க்கும், அவ்வளவுதான். பிசிஓஎஸ்ஸைத் தீர்ப்பது அதன் வேலையே இல்லை. அதனால்தான் நிறுத்தியதும் பழைய கதை.

முகத்தில் ரோமம், பரு போன்ற தொல்லைகளும் இருந்தால் தினசரி கருத்தடை மாத்திரை பொருத்தமாக இருக்கலாம். பிள்ளை பிறக்காமல் போய்விடும் என்று வீட்டில் பயப்படுவார்கள், அப்படி ஆகாது. ஆனால் இரத்த அழுத்தம், கண்ணில் ஒளிக்கோடுகள் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, இரத்தம் உறைந்த வரலாறு, புகைப்பழக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இந்த மாத்திரை சாப்பிடும் காலத்தில் இரத்தப்போக்கு மிகக் குறைந்தாலும் பயமில்லை, மாத்திரையே சுவரை மெல்லியதாக வைத்திருக்கும்.

இரண்டு வருடம் ஆகிவிட்டதால் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), சர்க்கரை மூன்றையும் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரைக்கு, குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனை நல்லது. மலேசிய இந்தியர்களிடம் நீரிழிவு ஏற்கெனவே அதிகம், பிசிஓஎஸ் அதை இன்னும் சீக்கிரம் கொண்டு வரலாம். தேவைப்பட்டால் மெட்ஃபோர்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுப்பார்கள். சிலருக்கு அதிலேயே மாதவிடாய் ஓரளவு சீராகும்.

எடை கூடுதலாக இருந்தால் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே பலருக்கு முட்டை வெளியாகத் தொடங்கும். 80 கிலோ என்றால் 4 முதல் 8 கிலோ. நைட் ஷிப்டில் சோறும் இனிப்பான மைலோவும்தான் பெரிய எதிரிகள் என்பேன். சோற்றைப் பாதியாக்கி முட்டை, மீன், காய்கறி சேருங்கள். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும், அவர்களிடம் போய் எடையைக் குறை என்று சொல்லக் கூடாது.

ஜாமுவை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெட்டியில் 'மால்' (MAL) என்று தொடங்கும் பதிவெண் இல்லாத ஜாமு சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்திருக்கிறது. அது பசியைத் தூண்டும், முகத்தை ஊத வைக்கும், சர்க்கரையை ஏற்றும். ஏற்கெனவே பல வாரம் குடித்திருந்தால் திடீரென நிறுத்தாமல், பாட்டிலோடு டாக்டரைப் பாருங்கள்.

தாலி ஏறுவதால் ஹார்மோன் மாறாது, அத்தை மன்னிக்கட்டும். அதற்காகப் பிள்ளை பிறக்காது என்றும் முடிவு கட்டாதீர்கள். முட்டை வெளியாக லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் உண்டு, பலருக்கு அதுவும் தேவைப்படுவதில்லை. மாதவிடாய் வராத காலத்திலும் எப்போதாவது முட்டை வெளியாகலாம். ஆகவே பிள்ளையைத் தள்ளிப்போட நினைத்தால் கருத்தடை அவசியம். பிள்ளை வேண்டுமென்றால் சில மாதங்களுக்கு முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்குங்கள்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும் இரத்தப்போக்கு சற்று அதிகமாகவே இருக்கும். ஆனால் மணிக்கொரு பேட் நனைந்தாலோ, தலைசுற்றி மயக்கம் வந்தாலோ ஷிப்ட் முடியட்டும் என்று காத்திராமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.