ரெஸ்யூமில் விடுபட்ட 34 பேர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. பி.எஸ்சி. கணிதம் முடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அப்பாவுக்குக் கால் உடைந்துவிட்டதால் படிப்பு முடிந்ததும் ஒரு வருஷம் வீட்டிலேயே இருந்து ஒன்பது மா நிலத்தையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். இப்போது ஏழு மாதமாக விண்ணப்பம் போடுகிறேன். சென்னை, கோவை, பெங்களூரு என்று 70 கம்பெனிகளுக்கு அனுப்பியாயிற்று. இரண்டு இடத்திலிருந்துதான் பதில் வந்தது, அதுவும் இல்லை என்று. நீங்கள் முன்பு ஆள் எடுக்கும் பிரிவில் வேலை பார்த்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் என் ரெஸ்யூமை இணைத்திருக்கிறேன். இதில் என்ன குறை? எனக்கு அனுபவம் எதுவும் இல்லை. ஊரில் அரசுக் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுகிறவர்களுக்கு ஆன்லைனில் பதிவு பண்ணிக் கொடுப்பேன், போன சம்பாவில் 34 பேருக்குச் செய்தேன், யாருக்குப் பணம் ஏறியது, யாருக்கு நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். அதெல்லாம் வேலைக் கணக்கில் வராது என்று தெரியும். என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

ரெஸ்யூமை நேற்று இரவு இரண்டு முறை படித்தேன், கடிதத்தை நாலு முறை. இரண்டையும் ஒரே ஆள் எழுதியது போலவே இல்லை. கடிதம் எழுதிய பெண்ணை நான் அன்றைக்கே நேர்காணலுக்குக் கூப்பிட்டிருப்பேன். ரெஸ்யூமைப் படித்தபோது உங்கள் அப்பா பெயர், மதம், ரத்த வகை, பாட்டு கேட்கப் பிடிக்கும் என்பதெல்லாம் தெரிந்தது, நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது மட்டும் தெரியவில்லை.

திருச்சியில் ஒரு நிறுவனத்தில் ஒன்பது வருஷம், படித்து முடித்துப் புதிதாக வருகிறவர்களின் விண்ணப்பங்களைப் பிரிக்கிற வேலை பார்த்தேன். ஒரு காலையில் நூறு, நூற்றைம்பது வந்து குவியும், ஒன்றுக்கு அரை நிமிஷம் கொடுத்தாலே அதிகம். படிப்பு எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கடின உழைப்பாளி, எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்வேன் என்பது எல்லாத் தாளிலும் இருக்கும், கண் அதைத் தாண்டிப் போய்விடும். நான் தேடியது ஒன்றைத்தான். இந்தப் பிள்ளை எதையாவது தன் பொறுப்பில் எடுத்து முடித்திருக்கிறதா? கல்லூரி விழாவுக்குக் கணக்கு எழுதினதாக இருக்கட்டும், மாமா கடையில் ஆறு மாதம் கல்லாவில் உட்கார்ந்ததாக இருக்கட்டும், அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் கை நின்றுவிடும்.

உங்களிடம் அந்த வரி இருக்கிறது. அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள்.

செய்ததைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். கொள்முதல் நிலையத்தில் நெல் போட வேண்டும் என்றால் சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்கள், ஆதார், பாஸ்புக் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். சர்வே எண்ணில் உட்பிரிவு ஒன்று மாறிப்போனாலும், பாஸ்புக்கில் இனிஷியல் வேறாக இருந்தாலும் அலைச்சல். அந்த நேரத்தில் நெல் களத்தில் குவிந்து கிடக்கும், வானம் மூடிக்கொண்டு வரும், ஈரப்பதம் 17 சதவீத வரம்பைத் தாண்டினால் மறுபடி காய வைக்க வேண்டும். அப்படி ஒரு நெருக்கடியில் 34 வீட்டுக்காரர்கள் தங்கள் ஆதாரையும் பாஸ்புக்கையும் உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். வேறொருவருடைய ஆவணத்தை வாங்கி, சரிபார்த்து, பிழையில்லாமல் ஏற்றி, பணம் வந்து சேரும்வரை விடாமல் கவனிப்பது. இதையேதான் நீங்கள் விண்ணப்பித்த கம்பெனிகள் டேட்டா என்ட்ரி, டாகுமென்ட் வெரிஃபிகேஷன், ஃபாலோ-அப் என்று விளம்பரத்தில் கேட்டிருக்கின்றன.

அதனால் மேலே, படிப்புக்கு அடுத்தபடியாக, இப்படி வரட்டும்: '34 நெல் விவசாயிகளுக்கு அரசுக் கொள்முதல் இணையதளத்தில் பதிவு செய்து கொடுத்தேன், நில ஆவணங்களையும் வங்கி விவரங்களையும் சரிபார்த்தேன், ஒவ்வொருவருக்கும் பணம் வரவாகும்வரை பதிவேட்டில் குறித்து வந்தேன்.' எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்பதையும் போடுங்கள். எத்தனை பேருடைய தாளில் பிழை கண்டுபிடித்துத் திருத்தினீர்கள் என்று நோட்டைப் பார்த்து எண்ணுங்கள். ஐந்து என்றால் ஐந்து, அதை ஏழாக்க வேண்டாம், எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொன்றாகக் கேட்டுவிடுவார். முதலில் இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொல்வது போலத் தமிழில் எழுதிவிட்டு, அப்புறம் எளிய ஆங்கிலத்தில் போடுங்கள். சாட்ஜிபிடியிடம் கொடுத்து இலக்கணத்தைத் திருத்திக்கொள்ளலாம், ஆனால் வரியையே அது எழுதித் தந்தால் உங்கள் 34 பேரும் காணாமல் போய், 'சிறந்த தகவல் தொடர்புத் திறன்' என்று ஏதோ ஒன்றுதான் மிஞ்சும்.

அந்த ஒரு வருஷ இடைவெளியை ஏன் மறைத்தீர்கள்? வருஷத்தைப் போடாமல் விட்டால் படிக்கிறவர் கவனிக்க மாட்டார் என்று நினைக்கிறோம், முதலில் கவனிப்பது அதைத்தான். 'குடும்பக் காரணத்தால் ஒரு வருஷம் சொந்த விவசாயத்தை நடத்தினேன், 3 ஏக்கர், ஆள் கூலி, இடுபொருள் வரவு செலவு உட்பட' என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். மா என்று போட்டால் மன்னார்குடியில் புரியும், பெங்களூருவில் இருப்பவருக்குப் புரியாது, ஒன்பது மா என்பதை ஏக்கராக மாற்றித்தான் சொல்ல வேண்டும். கல்லூரிச் சுருக்கப் பெயர், பாடக் குறியீட்டு எண் எல்லாவற்றுக்கும் இதேதான்.

நீங்கள் கணக்குப் படித்தவர் என்பதால் கும்பகோணத்துக்காரர் ஒருவரைச் சொல்கிறேன். ராமானுஜன் 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்குப் போட்ட விண்ணப்பம் நாலைந்து வரிதான். மெட்ரிகுலேஷன் தேறியவன், எஃப்.ஏ. (அன்றைய இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்பு) வரை படித்தேன், சில சூழ்நிலைகளால் தொடர முடியவில்லை, அதன் பிறகு என் நேரத்தையெல்லாம் கணிதத்திலேயே செலவிடுகிறேன், கொடுத்தால் இந்த வேலையைச் சரியாகச் செய்வேன். இவ்வளவுதான் சாரம். கூடவே ஒரு கணிதப் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம். மார்ச் 1-ம் தேதி வேலையில் சேர்ந்தார், மாதம் 30 ரூபாய் சம்பளம். அடுத்த ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியபோதும் தனக்குப் பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டு, பக்கம் பக்கமாகத் தேற்றங்களை இணைத்தார். இல்லாததை ஒரு வரியில் ஒத்துக்கொண்டு, மீதித் தாள் முழுவதையும் இருப்பதற்குக் கொடுத்திருக்கிறார். நீங்கள் ராமானுஜன் ஆக வேண்டாம், அந்த வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கழிக்க வேண்டியவை. அப்பா பெயர், மதம், சாதி, திருமண நிலை, ரத்த வகை, நீலப் பின்னணி போட்டோ எதுவும் தனியார் வேலைக்கு வேண்டாம். அரசு வேலை என்றால் அவர்கள் படிவத்திலேயே கட்டம் போட்டுக் கேட்பார்கள், அங்கே நிரப்பிக்கொள்ளலாம். கல்யாண பயோடேட்டாவும் அரசுப் படிவமும் கலந்து நமக்கு இந்தப் பழக்கம் வந்துவிட்டது. அப்புறம் கடைசியில் உள்ள உறுதிமொழி. 'மேற்கண்டவை உண்மை' என்று யாரும் எழுதிக் கேட்கவில்லை. அதற்குக் கீழே 'இடம்' என்று போட்டுத் திருத்துறைப்பூண்டி என்று இருக்கிறது, கவனித்தீர்களா? உங்களுக்கு முன்னால் அந்த ஜெராக்ஸ் கடையில் ரெஸ்யூம் அடித்த யாரோ ஒருவருடைய ஊர் அது. முதல் பத்தியில் இருக்கும் 'புகழ்பெற்ற நிறுவனத்தில் சவாலான பதவி' என்ற குறிக்கோளும் அவருடையதாகத்தான் இருக்கும். 70 கம்பெனிக்கும் அவர் ஊரோடுதான் போயிருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட முடியாது.

இன்னொன்று, நீங்கள் அனுப்பியது அச்சடித்த தாளை போனில் படம் எடுத்து மாற்றிய பி.டி.எஃப். பெரிய கம்பெனிகள் விண்ணப்பங்களை ஒரு மென்பொருளில் சேர்த்து வைத்துக்கொண்டு அதில் தேடுகிறார்கள். 'எக்செல்' என்று தேடினால் உங்கள் தாளில் அந்தச் சொல் இருந்தும் அகப்படாமல் போகலாம், ஏனென்றால் அது எழுத்தாக இல்லை, படமாக இருக்கிறது. வேர்டில் அடித்து அங்கிருந்தே பி.டி.எஃப்.பாகச் சேமியுங்கள். பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரிப்பது, கட்டம், கலர்ப் பட்டை வேண்டாம், மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக ஒரு பக்கம் போதும். கோப்புக்கு உங்கள் பெயரை வையுங்கள்.

70 கம்பெனிக்கும் ஒரே தாள் என்பதையும் விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு விளம்பரம். அதில் என்னென்ன வேலை சொல்லியிருக்கிறார்கள் என்று பென்சிலால் கோடு போட்டு, உங்களுக்கு உண்மையில் தெரிந்தது எதுவோ அதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தில் முடித்த ஒன்பது சான்றிதழையும் வரிசையாகப் போட்டிருக்கிறீர்கள், எந்த இரண்டில் கற்றதை இன்றைக்கு உட்காரவைத்துக் கேட்டாலும் செய்து காட்ட முடியுமோ அந்த இரண்டு போதும்.

இந்த வாரம் அந்த நோட்டை எக்செல்லில் ஏற்றுங்கள். பெயருக்குப் பதில் வரிசை எண், ஆதார் எண்ணும் கணக்கு எண்ணும் வேண்டவே வேண்டாம். பரப்பு, பதிந்த தேதி, நெல் எடுத்த தேதி, சிப்பம் (மூட்டை) எத்தனை, பணம் வந்த தேதி. பதிந்ததிலிருந்து பணம் வர சராசரி எத்தனை நாள் ஆனது என்று கணக்கிட்டுப் பாருங்கள், அந்த எண்ணும் ரெஸ்யூமுக்குள் வரலாம். முடித்ததும் தாளை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நேர்காணலுக்குப் போகும்போது பையில் இருக்கட்டும்.