வாசகர் கேள்வி – பதில்: 151 வெற்றிகளும் அவற்றின் இரு கரைகளும்

சென்ற இதழின் விளையாட்டுத் துணுக்குகளில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த டி லா சால் என்ற பள்ளியின் கால்பந்து அணி தொடர்ந்து 151 ஆட்டங்களில் வென்றதாக ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரிக்கு எதிர்பாராத அளவில் கேள்விகள் வந்துவிட்டதால், இந்த இதழின் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: 151 ஆட்டங்களில் ஒன்றுகூடச் சமநிலையில் முடியவில்லையா? கால்பந்தில் அது நடக்கக்கூடியதா? (வாசகர், திருச்சி)

நீங்கள் நினைக்கும் கால்பந்து அன்று இது. காலால் உதைக்கும் ஆட்டத்தை அமெரிக்கர்கள் சாக்கர் என்பார்கள். அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, தலைக்கவசமும் தோள்காப்பும் அணிந்து, பக்கத்துக்கு 11 பேராக மோதும் ஆட்டம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அவற்றுக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடியும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும், முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்த்தால் அது டச்டவுன், 6 புள்ளிகள். அதைத் தொடர்ந்து பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் இன்னும் ஒரு புள்ளி. உதைக்காமல் மறுபடியும் எல்லைக்குள் கொண்டுசென்றால் இரண்டு. புள்ளிகள் இப்படிப் பலவகையாகச் சேர்வதால், சாக்கரைப் போல 0–0, 1–1 என்று ஆட்டங்கள் அடிக்கடி முடிவதில்லை. டி லா சால் அணியின் அந்த 151 ஆட்டங்களில் சமநிலை என்பதே கிடையாது. 1992 முதல் 2003 வரை 12 பருவங்கள், எல்லாமே வெற்றிகள்.

ஹைஸ்கூல் என்பது அங்கே 9 முதல் 12ஆம் வகுப்பு வரை உள்ள பள்ளி. ஆகவே ஒரு மாணவர் அதிகபட்சம் நான்கு ஆண்டுகளே அணியில் இருக்க முடியும். அந்தப் 12 ஆண்டுகளில் அணி முழுவதும் பலமுறை மாறிவிட்டது என்பதைச் சேர்த்து எண்ணிப் பார்த்தால்தான் இந்த எண்ணிக்கையின் கனம் புரியும்.

கேள்வி: எங்கள் ஊரிலும் லசால் பெயரில் ஒரு பள்ளி இருக்கிறதே, உறவு உண்டா? (வாசகர், தூத்துக்குடி)

உண்டு. பிரான்சைச் சேர்ந்த ஜான் பாப்டிஸ்ட் டி லா சால் தொடங்கிய கத்தோலிக்கத் துறவற சபையின் சகோதரர்கள் உலகெங்கும் பள்ளிகளை நடத்துகிறார்கள். தூத்துக்குடிப் பள்ளியும், கொழும்பு முகத்துவாரத்தின் டி லா சால் கல்லூரியும், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குக் கிழக்கே கான்கார்ட் நகரில் இருக்கும் இந்தப் பள்ளியும் அந்த வழியில் வந்தவையே. உறவு பெயரிலும் சபையிலும் மட்டும். அந்தப் பந்து நம் பக்கம் வரவில்லை.

கேள்வி: இப்படியொரு தொடர் எப்படித் தொடங்கியது? முதல் நாளிலிருந்தே பலமான அணியாக இருந்ததா? (வாசகர், ஈரோடு)

இல்லவே இல்லை. 1965இல் தொடங்கப்பட்ட இப்பள்ளியின் அணி, 1979 வரை ஒரு பருவத்தில்கூடத் தோல்விகளைவிட அதிக வெற்றிகளைக் கண்டதில்லை. அந்த ஆண்டில்தான் பாப் லாடசூர் என்ற 25 வயது இளைஞர் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். பள்ளியில் அவர் நடத்திய பாடம் சமயக் கல்வி. முதல் பருவத்திலேயே கணக்கை நேராக்கினார். 1980களில் அணி வட்டார அளவில் யாரும் அஞ்சும் அணியாகிவிட்டது.

ஆயினும் தொடரின் உண்மையான தொடக்கம் ஒரு தோல்விதான். 1991 டிசம்பரில் நடந்த வட்டாரச் சாம்பியன் இறுதியாட்டத்தில், அண்டை ஊரான பிட்ஸ்பர்க்கின் அரசுப் பள்ளி, டி லா சாலை 35–27 என்று வென்றது. (பென்சில்வேனியாவின் பெரிய பிட்ஸ்பர்க் அன்று, அதன் பெயரைச் சூட்டிக்கொண்ட கலிபோர்னியாவின் சிறிய எஃகு ஆலை ஊர்.) பிட்ஸ்பர்க்கின் வீரர்கள் வேகத்திலும் உடல்வலுவிலும் மேலோங்கி நின்றார்கள். அதற்கு அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தில் கிடைத்த வெற்றிதான் 151இல் முதலாவது. அன்று எவரும் அதை எண்ணத் தொடங்கியிருக்க மாட்டார்கள்.

லாடசூர் அணியின் ஆட்டமுறைக்கு வியர் என்று பெயர். பந்தை ஏந்தும் குவார்ட்டர்பேக், எதிரணியின் ஒரு குறிப்பிட்ட காவல்வீரர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று கண நேரத்தில் பார்த்து, பந்தைப் பக்கத்தில் ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே வைத்துக்கொண்டு ஓடுவதா, வெளிப்பக்கம் வருபவருக்கு வீசுவதா என்று முடிவுசெய்வார். மற்ற அணிகள் நீளமாகப் பந்தெறியும் முறைகளுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் இது பழம்பாணி. ஆனால் முன்வரிசை வீரர்கள் பெரிய உடல்கொண்டவர்களாக இல்லாவிட்டாலும், பந்து அசைந்த நொடியிலேயே ஒரே ஆளைப் போலப் பாய்ந்து மோதுவதற்குப் பழக்கப்பட்டிருந்தால் இந்த முறை எவரையும் உடைத்துவிடும். அந்தப் பழக்கத்துக்காகவே கோடை விடுமுறை, குளிர்காலம் எல்லாம் உடற்பயிற்சிக் கூடத்தில் கழிந்தன. இன்னொரு வழக்கமும் உண்டு: ஒவ்வொரு வாரமும் வீரர்கள் அந்த வாரப் பயிற்சிக்கும் ஆட்டத்துக்குமான தங்கள் இலக்குகளை ஓர் அட்டையில் எழுதி, சக வீரரின் கையில் கொடுத்து, எல்லோர் முன்னிலையிலும் படிக்க வேண்டும். என் கணிப்பில், வியர் முறையைவிட இந்த அட்டைகளே பெரிய உத்தி. எழுதிக் கொடுத்துவிட்டுத் தவறினால், பதில் சொல்ல வேண்டியது பயிற்சியாளரிடம் அன்று, பக்கத்தில் நிற்கும் நண்பனிடம்.

கேள்வி: பலம் குறைந்த அணிகளோடு மோதினால் யாரும் 151 அடிக்கலாமே! (வாசகர், சேலம்)

கேள்வியில் நியாயம் இருக்கிறது. உள்ளூர் லீக்கில் டி லா சால் அணி பல ஆட்டங்களை 40, 50 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. அவற்றைப் பார்ப்பதே எதிரணிப் பெற்றோருக்குத் தண்டனையாக இருந்திருக்கும். தனியார் பள்ளி என்பதால் எந்த ஊரிலிருந்தும் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ள முடியும், வட்டார எல்லைக்குக் கட்டுப்பட்ட அரசுப் பள்ளிகளுக்கு அந்த வசதி இல்லை என்ற குறையும் அங்கே ஓயாமல் பேசப்பட்டது. அதை முழுவதும் மறுக்க முடியாது. ஆனால் அதே வசதி கலிபோர்னியாவின் மற்றத் தனியார் பள்ளிகளுக்கும் இருந்தது. அவற்றில் எதுவும் 151இன் பக்கத்தில்கூட வரவில்லை.

குறை சொன்னவர்களுக்குப் பதிலாகவே பள்ளி வெளியூர் அணிகளைத் தேடிப் போகத் தொடங்கியது. 1998இல் தென் கலிபோர்னியாவின் மேட்டர் டே பள்ளியுடன் அனாஹைம் நகரின் பேஸ்பால் அரங்கில் நடந்த ஆட்டத்தில் 28–21 என்றுதான் தப்பித்தது. அந்த 151இல் 50 புள்ளி வித்தியாச வெற்றிகளை மறந்துவிட்டு, இத்தகைய சில ஆட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு அணியை மதிப்பிடுவதே நேர்மை என்பேன்.

கேள்வி: அவற்றில் தலைசிறந்த வெற்றி எது? (வாசகர், புதுச்சேரி)

2001 அக்டோபர் 6. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

நாடு முழுவதுக்குமான பள்ளி அணித் தரவரிசையில் முதல் இரண்டு இடங்களில் இருந்த அணிகள் நேருக்கு நேர் மோதியது அதுவரை நடந்ததில்லை. அமெரிக்காவில் பள்ளி அணிகளுக்குத் தேசிய இறுதியாட்டம் என்று ஒன்று கிடையாது. தரவரிசை என்பது பத்திரிகைகள் தாளில் போடுவது. அந்தத் தாள் கணக்கு அன்று லாங் பீச் நகரின் வெட்டரன்ஸ் அரங்கத்தில் களத்துக்கு இறங்கி வந்தது. எதிரில் நின்ற லாங் பீச் பாலிடெக்னிக், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் அரசுப் பள்ளி. டி லா சாலில் மாணவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். பாலி அணியில் மார்சீடஸ் லூயிஸ் போன்ற, பின்னாளில் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்ற வீரர்கள் இருந்தார்கள். உயரத்திலும் எடையிலும் இரு அணிகளுக்கும் இடையே கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு இருந்தது.

அந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமல் ஓடியவர் மாரிஸ் ட்ரூ என்ற குள்ளமான, உருண்டு திரண்ட உடல்வாகு கொண்ட மாணவர். டி லா சால் எடுத்த நான்கு டச்டவுன்களும் அவருடையவை, முடிவு 29–15. அவரே பின்னாளில், தம்மை வளர்த்த தாத்தா பாட்டியின் குடும்பப் பெயரையும் சேர்த்துக்கொண்டு மாரிஸ் ஜோன்ஸ்-ட்ரூ என்ற பெயரில் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணியின் நட்சத்திரமானார். இதில் ஒரு வேடிக்கை: அன்று எதிரெதிரே நின்ற ட்ரூவும் லூயிஸும் பிறகு யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணியில் தோழர்கள் ஆனார்கள்; 2006இல் இருவரையும் ஜாகுவார்ஸ் அணியே தேர்ந்தெடுத்தது.

மறு ஆண்டு பெர்க்லியில் நடந்த மறு ஆட்டத்திலும் டி லா சால் 28–7 என்று வென்றது. ஆனால் இரண்டாம் முறை கேட்கும் கதைக்கு முதல் முறையின் படபடப்பு ஏது?

கேள்வி: இதற்கு முன் சாதனை யாரிடம் இருந்தது? (வாசகர், யாழ்ப்பாணம்)

மிச்சிகன் மாநிலத்தில் ஹட்சன் என்ற சிற்றூரின் பள்ளியிடம். 1968 முதல் 1975 வரை தொடர்ந்து 72 வெற்றிகள். 1997இல் டி லா சால் அதைத் தாண்டியது. ஹட்சனின் முடிவு எனக்கு டி லா சாலின் முடிவைவிட வருத்தம் தருவது. மிச்சிகனில் மாநிலச் சாம்பியனைத் தீர்மானிக்கும் நாக்-அவுட் போட்டிகள் 1975இல்தான் முதன்முதலாக நடத்தப்பட்டன. அதாவது, களத்தில் தன்னைச் சாம்பியனாக நிரூபிக்கும் வாய்ப்பே இல்லாமல் இத்தனை ஆண்டுகள் வென்றுகொண்டிருந்த அணி, வாய்ப்புக் கிடைத்த முதல் ஆண்டின் இறுதியாட்டத்தில், மாநிலத்தின் வடகோடியிலிருந்து வந்த இஷ்பெமிங் பள்ளியிடம் 38–22 என்று தோற்றது.

கேள்வி: 151 எப்படி முடிவுக்கு வந்தது? அந்தத் தோல்வியைப் பற்றி விரிவாக எழுதுங்கள். (வாசகர், கோயம்புத்தூர்)

அந்தத் தோல்வியை ஆட்டத்திலிருந்து மட்டும் எழுத முடியாது. 2004 ஆகஸ்ட் 12 இரவு, முந்தைய பருவத்தில் அணியில் ஆடிப் பள்ளிப் படிப்பை முடித்த 18 வயது மாணவர் ஒருவர், ரிச்மண்ட் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓரிகன் பல்கலைக்கழக அணியில் சேர இன்னும் இரண்டு நாளில் புறப்படவிருந்தவர் அவர். புதிய பருவத்துக்கான பயிற்சியைத் தொடங்கியிருந்த மாணவர்கள், தங்கள் அண்ணன்போல் இருந்தவரின் இறுதிச் சடங்குக்குப் போய்விட்டு மைதானத்துக்குத் திரும்பினார்கள். முந்தைய ஆண்டின் முக்கிய வீரர்கள் பலர் பள்ளியைவிட்டுச் சென்றிருந்தார்கள், வந்திருந்தவர்களுக்கு அனுபவம் குறைவு, தோளில் 151.

செப்டம்பர் 4 அன்று, வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ பள்ளியுடன் சியாட்டிலில் ஆட்டம். தொழில்முறை அணியான சீஹாக்ஸின் சொந்த அரங்கில், சுமார் 25,000 பேர் கூடியிருந்தார்கள். பெல்வியூ தன் மாநிலத்தின் சாம்பியன் என்றாலும், அவர்கள் ஆடியது விங்-டி என்ற, வியரைவிடவும் பழைய முறை. பந்தை யார் வாங்கினார், யார் வாங்கியதுபோல் நடித்தார் என்று எதிரணியைக் குழப்பிவிட்டு, பந்தெறியாமல் ஓடியே முன்னேறுவது. 12 ஆண்டுகளாக டி லா சால் மற்றவர்களுக்குச் செய்ததை அன்று பெல்வியூ டி லா சாலுக்குச் செய்தது: முன்வரிசை உடைந்தது, ஓடுபவர்களைப் பிடிக்க ஆள் இல்லை, பந்தைத் திரும்பப் பெறவே நெடுநேரம் ஆயிற்று. 39–20.

துக்கத்தினால்தான் தோற்றார்கள் என்று சிலர் எழுதினார்கள். அது பெல்வியூ வீரர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதாகும். 19 புள்ளி வித்தியாசம் துக்கத்தால் மட்டும் வருவதில்லை. அன்று அவர்களே நல்ல அணி.

கேள்வி: பெல்வியூ இன்றும் அதே பலத்தோடு இருக்கிறதா? (வாசகர், கோயம்புத்தூர், அதே கடிதத்தில்)

அவர்களும் பிறகு 67 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று, 2014இன் மாநில இறுதியாட்டத்தில் ஈஸ்ட்சைட் கத்தோலிக் பள்ளியிடம் தோற்றார்கள். 2016இல் விதிமீறல்களுக்காக 2012, 2013 ஆண்டுகளின் பட்டங்கள் பறிக்கப்பட்டன.

கேள்வி: லாடசூர் 400 வெற்றிகளை எட்டினாரா? (வாசகர், வேலூர்)

இல்லை. 399 வெற்றி, 25 தோல்வி, 3 சமநிலை. 2012 பருவத்தின் கடைசி ஆட்டமான மாநில இறுதியில் கொரோனா நகரின் சென்டெனியல் பள்ளியை 48–28 என்று வென்ற பிறகு, 2013 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார். இன்னும் ஒரே ஓர் ஆட்டத்துக்காக எட்டு மாதம் காத்திருக்க அவருக்குத் தோன்றவில்லை.

கேள்வி: 2004க்குப் பிறகு அணி சரிந்துவிட்டதா? (வாசகர், திருநெல்வேலி)

சரியவில்லை, ஆனால் தென் கலிபோர்னியாவின் பெரிய அணிகளிடம் தோற்கத் தொடங்கியது. 2016இல் செயின்ட் ஜான் பாஸ்கோவிடமும், 2017, 2018 ஆண்டுகளில் மேட்டர் டேயிடமும் மாநில இறுதியில் தோல்வி. வட கலிபோர்னிய அணிகளுக்கு எதிராக மட்டும் பழைய கணக்கு அப்படியே நீண்டுகொண்டிருந்தது: 1991இல் பிட்ஸ்பர்க்கிடம் தோற்றபின் 318 ஆட்டங்களில் ஒரு தோல்வியும் இல்லை, 316 வெற்றி, 2 சமநிலை. 2021 செப்டம்பர் 10 அன்று மவுண்டன் வியூ நகரின் செயின்ட் பிரான்சிஸ் பள்ளி 31–28 என்று அதையும் முடித்துவைத்தது.

கேள்வி: இத்தனை ஆட்டங்களில் ஒன்றை மட்டும் அரங்கில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றால், நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? (வாசகர், சென்னை)

லாங் பீச் ஆட்டம் என்று சொல்வேன் என எதிர்பார்ப்பீர்கள். எனக்கு 1991இன் பிட்ஸ்பர்க் ஆட்டம் போதும். இடமும் பிட்ஸ்பர்க் ரசிகர்களின் பக்கம் கிடைத்தால் நல்லது.