ஃபிரான்டியர், ஹோம்ஸ்டெட், ரிசர்வேஷன்: அமெரிக்க மேற்கு பற்றிய கேள்விகளும் பதில்களும்

போட்டித் தேர்வுக்கு உலக வரலாறு படிக்கிறவர்களில் பலர், அமெரிக்கா மேற்கே விரிந்த கதையில் வரும் சொற்கள் குழப்புகின்றன என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஒரு வழி சொல்லிவிடுகிறேன். எந்தச் சொல் வந்தாலும் அதற்குப் பின்னால் என்ன காகிதம் இருக்கிறது, சட்டமா, ஒப்பந்தமா, தீர்ப்பா என்று தேடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சரண்யா: சார், ஃபிரான்டியர் என்றால் நாட்டின் எல்லைதானே?

இல்லைம்மா. நாட்டெல்லை ஒரு இடத்தில் நிற்கும், ஃபிரான்டியர் நகர்ந்துகொண்டே போகும். வெள்ளைக் குடியேற்றம் எதுவரை போய்ச் சேர்ந்திருக்கிறதோ அந்த விளிம்புதான் அது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதற்கு ஒரு அளவே வைத்திருந்தது: சதுர மைலுக்கு 2 பேருக்குக் குறைவாக இருந்தால் அந்த இடம் குடியேற்றத்துக்கு வெளியே. 1890 கணக்கெடுப்புக்குப் பிறகு இனி அப்படி ஒரு கோடு போட முடியாது என்று அறிவித்தார்கள், அதைப் பிடித்துக்கொண்டுதான் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் 1893இல் சிகாகோவில், அமெரிக்கர்களின் குணமே இந்த எல்லைப்புறத்தில்தான் உருவானது என்று கட்டுரை வாசித்தார். ஏற்கெனவே அங்கே இருந்த பூர்வகுடிகளை ‘வரி கட்டாத இந்தியர்’ என்று தனியாக ஒதுக்கிவிட்டுத்தான் ‘ஆளில்லாத நிலம்’ என்ற கணக்கே வந்தது, இதை விடையில் ஒரு வரியாவது எழுதுங்கள்.

பிரபு: மேனிஃபெஸ்ட் டெஸ்டினி எந்த ஆண்டுச் சட்டம்?

சட்டமே இல்லை. 1845இல் ஜான் ஓ’சல்லிவன் என்ற பத்திரிகையாசிரியரின் இதழில் வந்த சொற்றொடர். கண்டம் முழுவதும் பரவுவது கடவுள் எங்களுக்கு எழுதிவைத்தது என்ற பேச்சு. டெக்சாஸ் இணைப்பு, 1846–48 மெக்சிகோ போர் இரண்டையும் இதோடு சேர்த்துப் படியுங்கள், போதும்.

இளங்கோ: லூசியானாவை பிரான்ஸ் விற்றது என்கிறார்கள். அங்கே வேறு மக்கள் வாழ்ந்தபோது பிரான்ஸ் எதை விற்றது?

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். லூசியானா என்றால் இன்றைய மாநிலம் மட்டுமில்லை, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே விரிந்த பெரும் பகுதி. 1803இல் 1.5 கோடி டாலருக்கு அமெரிக்கா வாங்கியது, பிற ஐரோப்பிய நாடுகள் உள்ளே வரக்கூடாது என்ற முன்னுரிமையைத்தான். நிலத்தைப் பூர்வகுடிகளிடமிருந்து தனித்தனியாக ஒப்பந்தம் போட்டு, சில இடங்களில் மிரட்டியும் போரிட்டும், அப்புறம்தான் எடுத்தார்கள். 1823இல் ஜான்சன் எதிர் மெக்கின்டாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குச் சட்டப் பூச்சு பூசியது. ‘கண்டுபிடித்த’ நாட்டுக்கே உரிமை, ஏற்கெனவே இருப்பவர்களுக்கு அனுபவிக்கும் உரிமை மட்டும், அவர்கள் விற்பதாக இருந்தால் அரசுக்கு மட்டும்தான் விற்க முடியும். பட்டா ஒருவர் பெயரில், தலைமுறையாக உழுகிறவர் வெறும் அனுபவதாரர் என்பது போல.

மீனா: ஒப்பந்தமும் அகற்றலும் ஒரே பாடத்தில் வருகின்றன. ஒப்பந்தம் போட்டால் ஏன் அகற்ற வேண்டும்?

செரோக்கி மக்களின் கதையை எடுத்துக்கொண்டால் புரிந்துவிடும். ஜார்ஜியா பகுதியில் இருந்த இவர்கள் வெள்ளையர் கேட்டதையெல்லாம் செய்தவர்கள். செக்கோயா என்பவர் அவர்கள் மொழிக்கு எழுத்து உருவாக்கினார், 1827இல் அரசியலமைப்பு எழுதினார்கள், 1828இல் சொந்தப் பத்திரிகை வந்தது. பயிர் வைத்தார்கள், சிலர் கறுப்பின அடிமைகளையும் வைத்திருந்தார்கள் (இதையும் மறைக்கக்கூடாது). ஆனாலும் 1830இல் இந்தியர் அகற்றல் சட்டம் வந்தது, கீழவையில் 102க்கு 97 என்ற நெருக்கமான வாக்கில். 1832இல் ஜார்ஜியாவின் சட்டம் செரோக்கி நிலத்தில் செல்லாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியும் பயனில்லை. 1835இல் ஒரு சிறு கூட்டம் மட்டும், நிலத்தை விட்டுக்கொடுத்து மேற்கே போகிறோம் என்ற ஒப்பந்தத்தில் நியூ எச்சோட்டா என்ற ஊரில் கையெழுத்துப் போட்டது, அதைச் செரோக்கி அரசு ஒப்புக்கொள்ளவே இல்லை. எதிர்த்துப் பல ஆயிரம் பேர் மனு கொடுத்தார்கள், செனட் அதைத் தாண்டி ஒப்பந்தத்தை ஏற்றது; ஒரே ஒரு வாக்கு குறைந்திருந்தால் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைத்திருக்காது. 1838இல் ராணுவம் வந்து வீடு வீடாக ஆட்களைப் பிடித்து முகாமில் அடைத்தது. சுமார் 16,000 பேர் மேற்கே அனுப்பப்பட்டார்கள், முகாமிலும் வழியிலும் இறந்தவர்கள் சுமார் 4,000 என்பது வழக்கமாகச் சொல்லும் மதிப்பீடு. கண்ணீர்ப் பாதை என்பது இதுதான். ஆக, ஒப்பந்தம் என்ற சொல்லைப் பார்த்ததும் யார் கையெழுத்து என்று கேளுங்கள்.

ஹரி: ரிசர்வேஷன், நம்முடைய இட ஒதுக்கீடு மாதிரியா?

சம்பந்தமே இல்லை. அது பூர்வகுடிகளுக்கென்று விட்டுவைத்த நிலப்பகுதி. அதையும் 1887இல் டாஸ் சட்டம் துண்டு போட்டது. குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ‘உபரி’ என்று பிறருக்கு விற்றார்கள். அப்போது 13.8 கோடி ஏக்கராக இருந்த பூர்வகுடி நிலம் 1934இல் 4.8 கோடியாகச் சுருங்கியது. போர் நடந்தால் தேதியாவது எல்லாருக்கும் நினைவிருக்கும், இது சத்தமில்லாமல் அலுவலகத்தில் நடந்தது. என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தில் முக்கியமான காகிதம் இதுதான்.

நஸீமா: அக்கா கேட்கச் சொன்னார், இந்தியா, இலங்கையில் நடந்ததும் இதே வகையா?

வேறு வகை. இந்தியாவில் வரியும் வணிகமும் முக்கியம், இருந்த குடியானவரை விரட்டிவிட்டால் வரி யார் கட்டுவது? அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறியவர்களுக்கு நிலம் வேண்டும், அங்கிருந்த ஆள் வேண்டாம். அதைத்தான் குடியேற்றக் காலனியம் என்கிறோம். ஆனால் இரண்டும் தொடும் இடங்கள் உண்டு. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உரிமையை நிரூபிக்க முடியாத காடும் தரிசும் அரசுடையது என்று வைத்துக்கொண்டது. அப்படி வந்த மலைநிலத்தில்தான் காப்பித் தோட்டங்கள் பெருகின, அங்கே வேலை செய்யப் போனவர்கள் நம்மூர்க்காரர்கள்.

வினோத்: ஹோம்ஸ்டெட் ஓரளவு தெரியும். ‘சூனர்’ என்றால் யார்?

1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி சிறு கட்டணம் கட்டி, 5 ஆண்டு குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம். ஓக்லஹோமாவில் 1889 ஏப்ரல் 22 நண்பகலில், பூர்வகுடிகளிடமிருந்து வாங்கிய சுமார் 20 லட்சம் ஏக்கரைத் திறந்துவிட்டார்கள். குதிரையிலும் வண்டியிலும் சுமார் 50,000 பேர் எல்லைக் கோட்டில் காத்து நின்றார்கள், குறித்த நேரம் வந்ததும் ஒரே ஓட்டம். அன்று சாயங்காலத்துக்குள் கூடார நகரங்களே முளைத்துவிட்டன. சூனர் என்பவர் நேரம் ஆவதற்கு முன்பே திருட்டுத்தனமாக உள்ளே போய் நல்ல மனையில் உட்கார்ந்துகொண்டவர். பிற்பாடு வழக்குக்கு மேல் வழக்கு. இப்போது அந்த மாநிலத்தின் செல்லப்பெயரே ‘சூனர் ஸ்டேட்’, பல்கலைக்கழக அணியும் அந்தப் பெயரில்தான் ஆடுகிறது.