நிலாவெளி மணலில் ஒரு கோல்ஃப் மைதானம்?

அன்புள்ள அண்ணா,

போன மாதம் ரொறன்ரோவிலிருந்து வந்த என் மச்சான், பள்ளிக்கூடக் கூட்டாளிகள் எட்டுப் பேரை வான் பிடித்து அம்பாந்தோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மட்டக்களப்பு, பொத்துவில், வெல்லவாய வழியாகப் பயணம். இரண்டு நாள் கோல்ஃப். எட்டில் மூன்று பேருக்குத்தான் மட்டை பிடிக்கவே தெரியும். நான் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருந்து ஓய்வு பெற்றவன், எனக்கு இது புதிது. முதல் நாள் ஆட்டம் முடிய ஆறு மணித்தியாலம் ஆனது. கணக்கு எழுதுவதில் இரண்டு பேர் சண்டை பிடித்து, இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

மச்சானுக்கு வழியெல்லாம் ஒரே பேச்சு: “இது இயற்கையோடு சேர்ந்த மைதானம், பழைய மாதிரி இல்லை.” யந்திரத்தால் மணலைக் கிண்டி, புல் வளர்த்து, குழாயில் தண்ணீர் அடித்துவிட்டு அதை எப்படி இயற்கை என்பது? திரும்பி வந்ததும் அவரை நிலாவெளிப் பக்கம் கூட்டிப்போனேன். “கோல்ஃபுக்கென்றே கடவுள் செய்த மணல்” என்றார். காசு போட ஆட்கள் இருக்கிறார்களாம். குச்சவெளி வரைக்கும் காணி விசாரித்து வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் என்ன செய்யட்டும்?

த., உப்புவெளி, திருகோணமலை

அன்புள்ள த.,

உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் அம்பாந்தோட்டை அதற்குச் சரியான உதாரணம் இல்லை. ரொட்னி ரைட் வடிவமைத்த அந்த மைதானம் 2016இல் திறக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி முன்பு நீலக்கல் தோண்டிய நிலம், ஒரு பகுதி பழைய தென்னந்தோட்டம், மிச்சம் கடலோர மணல்மேடு. கல் தோண்டி விட்டுப்போன காணியைப் பார்த்தவர்களுக்கு அது எப்படிக் கிடக்கும் என்று தெரியும். அதன்மேல் புல் போட்டதை நான் குறை சொல்லமாட்டேன். இயற்கை என்றும் சொல்லமாட்டேன். திருத்திய நிலம், அவ்வளவுதான்.

மச்சான் சொல்ல வந்தது வேறொரு பரம்பரையைப் பற்றி. ஸ்கொட்லாந்துக் கடற்கரையில் கோல்ஃப் தொடங்கியபோது மைதானத்தை யாரும் வடிவமைக்கவில்லை. மணல்மேடு, குட்டைப் புல், காற்று, மேயும் ஆடுகள். இவற்றுக்கிடையே ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குப் பந்தை அடித்துக்கொண்டு போனார்கள். செயின்ட் அண்ட்ரூஸில் 22 குழிகளாக இருந்த ஆட்டத்தை 1764இல் 18 ஆகக் குறைத்தார்கள். இன்று உலகம் முழுக்க 18 என்பது அங்கிருந்து வந்த கணக்கு. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு புல்டோசர் கையில் கிடைத்ததும் எந்த நிலத்தையும் எப்படியும் வளைக்கலாம் என்றாகிவிட்டது. சேற்று நிலத்தில் குன்று எழும்பியது, பாலைவனத்தில் ஏரி வந்தது.

அதற்கு மறுப்பாக வந்ததுதான் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 1995இல் திறந்த சாண்ட் ஹில்ஸ் மைதானம். பில் கூர், பென் கிரென்ஷோ என்ற வடிவமைப்பாளர் இருவரும் அந்த மணல்மேடுகளில் நடந்து நடந்தே, இயல்பாக அமைந்த நூற்றுக்கும் மேற்பட்ட குழிப்பாதைகளைக் குறித்து, அதிலிருந்து 18ஐத் தேர்ந்தார்கள். மண்ணை அதிகம் அசைக்கவில்லை. பிறகு 1999இல் ஒரிகன் கரையில் பாண்டன் டியூன்ஸ் வந்தது. அங்கே வண்டி ஓட்ட முடியாது, நடந்துதான் ஆடவேண்டும். 2004இல் தஸ்மேனியாவில் பார்ன்பூகல் டியூன்ஸ். இந்த இடங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போய்வருவது இப்போது கோல்ஃப்காரருக்கு யாத்திரை மாதிரி. மச்சானும் ஏதாவது ஒன்றுக்குப் போய்வந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

செய்தது செய்தது போலத் தெரியக்கூடாது என்பதும் இந்தக் கலையில் பழைய பாடம்தான். அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தை ஆட்டவீரர் பொபி ஜோன்ஸோடு சேர்ந்து வடிவமைத்த அலிஸ்டர் மக்கென்சி ஒரு மருத்துவர். தென்னாபிரிக்கப் போரில் போயர்கள் பதுங்குகுழிகளை நிலத்தோடு நிலமாக மறைத்ததைக் கவனித்து, அந்த உத்தியை மைதானத்துக்குக் கொண்டுவந்தார். நம் பக்கத்தில் மண்வெட்டி பிடித்த தலைமுறைக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே செயற்கை என்பதற்காக மட்டும் கோபப்படாதீர்கள். நெல்வயலும் குளமும்கூட மனிதன் செய்தவைதான்.

நான் கேட்பது வேறு. ஒரு மைதானம் எங்கிருந்து தண்ணீர் எடுக்கிறது, அந்த நிலத்தில் வேறு யார் நடக்கலாம்? செயின்ட் அண்ட்ரூஸின் பழைய மைதானம் பொதுநிலம். வழமையாக ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆட்டம் இல்லை. ஊர்ச்சனம் நாயோடும் பிள்ளைகளோடும் அதன் மேல் நடக்கும். முதலாம் குழிக்கும் பதினெட்டாம் குழிக்கும் போகும் புல்வெளியைக் குறுக்கே வெட்டி ஒரு பொதுப்பாதை போகிறது. இன்றும் ஆட்கள் அதில் கடற்கரைக்குப் போகிறார்கள், ஆடுகிறவர் காத்துநிற்பார். மச்சான் இதை உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார். இந்த விளையாட்டின் மூத்த மைதானத்தில் வேலியை விட வழிதான் முக்கியம்.

இனி நிலாவெளி. கண்ணுக்கு அவர் சொன்னது சரிதான். மணல்மேடு இருக்கிறது, காற்று இருக்கிறது, மழை பெய்தால் ஒரு மணித்தியாலத்தில் காய்கிற தரை. அடும்பும் இராவணன்மீசையும் தாழையும் மணலைப் பிடித்துவைத்திருக்கின்றன. வெளிநாட்டில் பெர்முடா கிராஸ் என்று விலைக்கு வாங்குகிற புல் நம் அறுகம்புல்தான், பிள்ளையாருக்கு வைப்பது.

ஆனால் நமக்கு மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் விழுந்து முடிந்துவிடும். மற்ற மாதங்களில் வெப்பநாட்டு மைதானம் ஒன்றைப் பச்சையாக வைத்திருக்க நாளொன்றுக்குப் பல இலட்சம் லீட்டர் தண்ணீர் வேண்டும். அது எங்கே இருக்கிறது? அந்த மணலுக்குக் கீழேதான். உப்புத்தண்ணீருக்கு மேலே மிதக்கிற மெல்லிய நன்னீர்ப் படை. அதை நம்பித்தான் நிலாவெளியிலும் குச்சவெளியிலும் கிணற்றில் பம் வைத்து வெங்காயம் செய்கிறார்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறும். ஏறினால் இறங்க வருடக்கணக்காகும். புல்லுக்குப் போடுகிற உரமும் மணலில் நிற்காது, நேரே கிணற்றுக்குப் போகும். வெங்காயக்காரரும் உரம் போடுகிறார்களே என்று மச்சான் கேட்பார். உண்மைதான். அவர்கள் பாத்தி அளந்து போடுகிறார்கள், இங்கே பேசுவது நூறு ஏக்கருக்கு மேல்.

கரை சும்மா கிடப்பதாக அவருக்குத் தெரிந்திருக்கும். வலை இழுக்காத நேரத்தில் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரியும். கரையில் நின்று இழுக்கிற கரைவலைக்குத் திறந்த கரை வேண்டும். கம்பாவை, அதாவது வலைக் கயிற்றை, பிடித்துக்கொண்டு ஆட்கள் பின்னோக்கி நடக்க இடம் வேண்டும், மீனவர் குடில் (வாடி) போட இடம் வேண்டும். மணல்மேட்டுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 2004 கடல்கோளில் நிலாவெளி என்ன பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மேட்டைக் கடல் தெரிவதற்காக வழித்த இடங்களில் அலை நேரே உள்ளே வந்தது, யால பக்கத்தில் இது நன்றாகத் தெரிந்தது.

காணி விசாரிக்கும் வேலையை ஏற்காதீர்கள். கச்சேரியில் இருந்தவர் நீங்கள், ஆளில்லாத காணி என்று நம் மாவட்டத்தில் சொல்லப்படுவது என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஆள் ஓடிப்போன காணி, உறுதி எரிந்துபோன காணி, திரும்பி வந்து வேலிக்கு வெளியே நின்று பார்க்கிற காணி. நீங்கள் விசாரிக்கப் போனால் ஒரு கிழமைக்குள் ஊரில் கதை பரவும், அதற்குப் பிறகு உங்களை யாரும் நம்பமாட்டார்கள். மச்சான் கனடாவுக்குத் திரும்பிவிடுவார். நீங்கள் உப்புவெளிச் சந்தியில்தான் மீன் வாங்கவேண்டும்.

விளையாட ஆசை என்றால் நம் ஊரிலேயே 18 குழி இருக்கிறது: சீனன்குடாவில் விமானப்படை நடத்தும் ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்ஸ். தளத்துக்குள் இருப்பதால் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். அந்த நிலத்துக்கும் ஒரு கதை உண்டு, 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட இடம் அந்தப் பக்கம். இராணுவ நிலத்தில் ஆடுவதா என்று உங்களில் யாராவது கேட்டால் அதற்கும் என்னிடம் மறுப்பில்லை. அப்படியானவர் வெளியே தேத்தண்ணிக் கடையில் இருக்கட்டும்.

சண்டையைப் பற்றி: எட்டுப் பேரை நாலு நாலாகப் பிரியுங்கள், தெரிந்த மூவரையும் ஒரே பக்கம் விடாதீர்கள். அடி அடியாக எண்ணுவதை விட்டுவிட்டு ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில் ஆடுங்கள். 1932இல் பிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற மருத்துவர் அறிமுகப்படுத்தியது. ஒரு குழிக்கு விதித்த அடிக்கணக்கில் (அதுதான் பார்) முடித்தால் 2 புள்ளி, ஓர் அடி கூடினால் 1, அதற்கு மேல் போனால் பூச்சியம், பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். பற்றைக்குள் பந்து தேடி ஆறு மணித்தியாலம் போகாது. அதுவும் சரிவராவிட்டால் ஸ்கிராம்பிள்: நால்வரும் அடித்து, நல்ல பந்து விழுந்த இடத்திலிருந்து எல்லாரும் அடுத்ததை அடிப்பது. தெரியாதவரின் ஓரிரு அடியும் கணக்கில் வந்துவிடும். பேசாமல் இருக்கிற இருவரையும் ஒரே அணியில் போடுங்கள்.

கச்சான் காற்றுக் காலத்தில் போவதானால் விடியவே தொடங்கி, பத்து மணிக்கு முன் முடித்துவிடுங்கள்.