முழங்காலில் நீர் எடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 34 வயது. மூன்று வாரத்துக்கு முன் கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து நான்கு நாள் வயிற்றுப்போக்கு. அது நின்றுவிட்டது. இப்போது வலது முழங்கால் வீங்கியிருக்கிறது, கண்ணும் சிவந்திருக்கிறது. ஊசி வைத்து நீர் எடுத்துப் பார்க்கவேண்டும் என்கிறார் டாக்டர். ஒருமுறை எடுத்தால் திரும்பத் திரும்ப நீர் கோத்துக்கொள்ளும் என்கிறார்களே?
– வாசகி, திருச்சி

பதில்: தயங்காமல் எடுக்கச் சொல்லுங்கள். மூட்டின் உள்சவ்வில் அழற்சி இருப்பதால்தான் நீர் கோக்கிறது, ஊசி பட்டதால் அல்ல.

அந்த நீர்தான் இரண்டு நோய்களைப் பிரித்துக் காட்டும். ஒன்று, மூட்டில் சீழ் பிடிப்பது. ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா ரத்தம் வழியாக வந்து மூட்டுக்குள்ளேயே பெருகும். சில நாட்களிலேயே குருத்தெலும்பை அரித்துவிடும். கன மில்லிமீட்டருக்கு 50,000க்கு மேல் வெள்ளணுக்கள் இருந்தால் சந்தேகம் வலுக்கும். குறைவாக இருந்தாலும் கல்ச்சர் (நீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) முடிவு வரும்வரை நிம்மதி இல்லை. நீர் எடுக்கும் முன்பே மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கல்ச்சரில் கிருமி வளராமல் போய், எந்த மருந்து கேட்கும் என்றே தெரியாது. காய்ச்சலும் இருந்து, கால் ஊன்றவே முடியவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

இன்னொன்று 'ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ்'. உங்கள் கணவரின் கதை இதற்குத்தான் பொருந்துகிறது. சால்மோனெல்லா, ஷிகெல்லா, கேம்பிலோபாக்டர் போன்றவை குடலைத் தாக்கிய ஒன்று முதல் நான்கு வாரத்தில் முழங்கால், கணுக்கால், குதிகால் வீங்கும். கல்ச்சரில் எதுவும் வளராது. நம் எதிர்ப்புச் சக்திதான் மூட்டில் சண்டை போடுகிறது. எச்.எல்.ஏ. பி27 மரபணு உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். குடல் கிருமியால் வந்த இந்த வீக்கத்தை ஆன்டிபயாடிக் குறைப்பதில்லை. நாப்ராக்சென் போன்ற அழற்சி குறைக்கும் மாத்திரையும், சீழ் இல்லை என்று உறுதியான பிறகு மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசியும் உதவும். பெரும்பாலானோருக்கு ஒரு வருடத்துக்குள் அடங்கிவிடும்.

சிறுநீர் எரிச்சல் இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். உடலுறவில் பரவும் கிளமிடியா தொற்றாலும் இப்படி வரும்; அதற்கு ஆன்டிபயாடிக் அவசியம், இருவருமே சாப்பிடவேண்டும். கண்ணில் வலியோ, வெளிச்சம் பார்த்தால் கூச்சமோ இருந்தால் இன்றே கண் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: ஆறு வருடமாக முடக்குவாதம் (ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்). மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன். ஈறில் ரத்தம் வருகிறது. ஈறு பாக்டீரியாதான் முடக்குவாதத்துக்குக் காரணம் என்று படித்தேன். ஆன்டிபயாடிக் சாப்பிட்டு இந்த மாத்திரையை நிறுத்தலாமா?
– வாசகர், மதுரை

பதில்: நிறுத்தாதீர்கள். நீங்கள் படித்ததில் பாதி உண்மை. ஈறு நோயில் காணப்படும் போர்ஃபிரோமோனஸ் ஜின்ஜிவாலிஸ் என்ற பாக்டீரியாவின் நொதி, புரதங்களில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைச் சிட்ருலினாக மாற்றும். சிட்ருலின் உள்ள புரதங்களை எதிர்க்கும் ஆன்டி-சி.சி.பி. என்ற எதிர்ப்புப் பொருள், மூட்டு வீங்குவதற்குப் பல வருடம் முன்பே ரத்தத்தில் தென்படலாம். நோய் தொடங்குவதில் கிருமிக்குப் பங்கு இருக்கலாம் என்று எண்ண இது நல்ல காரணம். ஆனால், தொடங்கிவிட்ட நோய் கிருமி போனாலும் தானாக நிற்காது. பல் டாக்டரிடம் ஈறைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். பற்களுக்காகவே அது தேவை.

மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருநாள்தான். தினமும் சாப்பிட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கை இதனுடன் சேர்க்கவே கூடாது. எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும். எந்த டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள். மற்ற மூட்டுகள் சும்மா இருக்க, ஒன்று மட்டும் திடீரென்று வீங்கிச் சூடானால் பழைய நோய்தான் என்று இருந்துவிடாதீர்கள். அதிலும் சீழ் பிடித்திருக்கலாம்.

கேள்வி: எனக்கு 45 வயது, முழங்கால் வலி. ரத்தப் பரிசோதனையில் ஏ.எஸ்.ஓ. (ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிரான எதிர்ப்புப் பொருள்) 400 இருப்பதால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடச் சொல்கிறார்கள்.
– வாசகி, சேலம்

பதில்: தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எப்போதோ வந்து போனதைத்தான் அந்த எண் காட்டுகிறது. வேறு அறிகுறி இல்லாமல், இந்த வயதில் இதற்காக மட்டும் ஊசி தேவையில்லை. வலிக்கு என்ன காரணம் என்று தேடுங்கள். இந்தக் கிருமித் தொற்றுக்குப் பின் ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு இதய வால்வு கெடாமலிருக்கத்தான் பென்சிலின் ஊசி. அவர்கள் ஒரு தவணையைக்கூட விடக்கூடாது.